துரத்துகிற மீனுக்கு ஒரு பெட்டி

வீட்டில் பவளம் வளர்க்கும் கண்ணாடித்தொட்டியில் ஜெசிந்தா விட்ட ஏழு குரோமிஸ் மீன்களில் ஐந்துதான் மிச்சம். பெரியது ஒவ்வொரு வாரமும் இளைத்த ஒன்றைப் பார்த்துவைத்துத் துரத்தும். வால் கிழிந்த மீன் பாறையிடுக்கில் ஒதுங்கி, தீனிக்கு வராமலே செத்துப்போகும். இப்போது ஆகச் சிறிய குட்டியின் முறை.

மீன்கடை காசிம், தொட்டிக்குள் தொங்கவிடும், சிறு ஓட்டைகள் போட்ட பெட்டி ஒன்றைத் தந்தார். "அடிபட்டதப் பிடிச்சு இதுல தனியா விடுங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"அது என்ன தப்பு பண்ணுச்சு பாய்?"

வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் வலையோடு மல்லுக்கட்டி, பெரியதைப் பிடித்துப் பெட்டியில் அடைத்தாள். குட்டி மெல்ல வெளியே வந்து நடுத்தண்ணீரில் தீனி எடுத்தது. இரண்டே நாள். மூன்றாம் நாள், அதுவரை சாதுவாக இருந்த அடுத்த பெரியது அதைத் துரத்தத் தொடங்கியது. ஜெசிந்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மறுபடி கடைக்குப் போனாள்.

நடந்ததைக் கேட்டுக் காசிம் சிரித்துவிட்டார். "அதையும் அடைச்சா அதுக்கு அடுத்தது கிளம்பும். கடைசியில தொட்டியே ஜெயிலாயிடும். குட்டி மட்டும்தான் வெளிய சுத்தும்."

"சுத்தட்டும். இன்னும் மூணு பெட்டி குடுங்க."