மீசைப் பந்தயம்

"அந்தம்மா நிக்காது. எழுதி வச்சுக்கோ. காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடு" என்றார் வெண்டல், நாற்காலியில் சாய்ந்தபடி.

முடிதிருத்தும் ஆர்மாண்டின் கத்தரிக்கோல் ஒரு விநாடி நின்றது.

"நிப்பாங்க. செனட்டர் ஹேரியட் லோவல் அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தல்ல நிப்பாங்க, ஜெயிப்பாங்க. எல்லாருக்கும் இலவச வைத்தியம் வரும். உன் மூட்டுவலிக்கும் சேர்த்துத்தான்டா."

"என் மூட்டு என் கட்சி. உன் கட்சி வைத்தியம் அதுக்கு ஒத்துக்காது."

இருவரும் நாற்பது வருட நண்பர்கள். ஒரு தேர்தலில்கூட ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டதில்லை.

அமெரிக்காவில் கட்சிகள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, நாட்டிலேயே முதலில் ஓட்டுப் போடுவது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்தான். அதனால் எந்த அரசியல்வாதி அங்கே இவர்களுடைய சிற்றூரான ஹார்லோ மில்ஸில் கால் வைத்தாலும், ஜனாதிபதி நாற்காலிக்குத்தான் அடிபோடுகிறார் என்று ஊர் முடிவுகட்டிவிடும். ஒருமுறை மேற்கே ஏதோ மாநிலத்து கவர்னர் பனியில் வழி தவறி வந்து, ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தினார். அவர் பேன்ட்டைச் சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் நாற்பது பேர் கைகுலுக்க வரிசையில் நின்றார்கள். பாவம், மறுவாரமே தேர்தலில் நின்றுவிட்டார்.

ஹேரியட் அம்மாவோ அக்டோபரிலிருந்து ஆறு தடவை வந்துவிட்டார்.

"ஆறு தடவையும் அவங்க கார் உன் ஒர்க்‌ஷாப் வாசல்லதானே மக்கர் பண்ணுச்சு? யோசிச்சியா?" என்றார் ஆர்மாண்ட்.

"யோசிக்க என்ன இருக்கு? ஒரு காரை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவங்க நாட்டை எப்படி வச்சுக்குவாங்க?"

"மக்கு! அது வியூகம்டா. உன்னை மாதிரி எதிர்க்கட்சிக் கல்லைக் கரைச்சுட்டா, நாட்டையே கரைச்ச மாதிரி. அதான் மணிக்கணக்கா உன்கிட்ட உட்கார்ந்து பேசுறாங்க. ஆமா, என்னதான் பேசுவீங்க?"

"பேட்டரியைப் பத்தி."

"மூணு மணி நேரமா?"

"பழைய பேட்டரி."

ஆர்மாண்டுக்குப் பொறுக்கவில்லை. "சரி, பந்தயம். மார்ச் மாச ஊர்க்கூட்டத்துக்குள்ள அவங்க அறிவிச்சுட்டா, அவங்க பேர் போட்ட பலகையை உன் ஒர்க்‌ஷாப் முன்னாடி நீயே நடணும். நிக்கலைன்னு சொல்லிட்டா, என் மீசையை நீயே வழிச்சுக்கோ."

வெண்டல் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அது சாதாரண மீசை இல்லை. முப்பத்தொரு வருட மீசை. ஜனவரியில் அதில் தொங்கும் பனிக்கட்டியின் நீளத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று ஊர் முடிவு செய்யும். ஆர்மாண்டின் காலமான மனைவி கிளாடெட், "எந்தக் கூட்டத்திலயும் உங்களைத் தேட வேண்டாம், மீசை முன்னாடி வந்துடும்" என்பாள்.

"வேணாம்டா" என்றார் வெண்டல்.

"பயமா?"

"...சரி, பந்தயம்."

பத்தே நாளில் வெண்டல் மறுபடி முடிவெட்ட வந்தார். சலவைச் சட்டை. நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. கல் கரைகிறது என்று ஆர்மாண்ட் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

பிப்ரவரிக் கடைசி வெள்ளிக்கிழமை. கடைக்கு எதிரே, உணவகத்தின் படிக்கட்டில் செனட்டர் நின்றார். ஏழு கேமராக்கள். ஊரே பனிக்குல்லாயோடு கூடியிருந்தது.

"நிறைய யோசிச்சேன். ஜனாதிபதித் தேர்தல்ல நான் நிக்கலை. செனட்ல இருந்தே வைத்தியத்துக்காகச் சண்டை போடுவேன். வந்ததுக்கு நன்றி. உள்ள சூடா சூப் இருக்கு."

ஆர்மாண்ட் கடைக்குத் திரும்பினார். தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. பின்னாலேயே வந்த வெண்டலிடம் சவரக்கத்தியை நீட்டினார்.

"எடு."

"இருக்கட்டும்டா. இன்னைக்கு வேண்டாம்."

"உன் பரிதாபம் ஒண்ணும் வேண்டாம். வாக்குன்னா வாக்கு. வழி!"

ஏதோ சொல்ல வாயெடுத்த வெண்டல், விழுங்கிக்கொண்டு நுரையைத் தடவினார். இடது பாதி போயிற்று. வலது பாதிக்குக் கத்தி திரும்பிய நேரம், கதவு மணி கிணுகிணுத்தது.

செனட்டர் ஹேரியட் லோவல்.

"வெண்டல், கிளம்பலாமா? டவுன் கிளார்க் ஆபீஸைப் பன்னிரண்டுக்கு மூடிடுவாங்க. கல்யாண லைசென்ஸை இன்னைக்கு வாங்கலைன்னா அப்புறம் திங்கக்கிழமைதான்."

ஆர்மாண்ட் கண்ணாடியில் பார்த்தார். பாதி மீசைக்காரன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"படுபாவி! அவங்க நிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே பந்தயம் கட்டினியா?"

"சத்தியமா தெரியாதுடா. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் கட்டினேன்."

"அவருக்குத் தெரியாதுதான் ஆர்மாண்ட்" என்று சிரித்தார் செனட்டர். "நானே நேத்துதான் முடிவு பண்ணினேன். 'நான் நின்னா எனக்கு ஓட்டுப் போடுவீங்களா'ன்னு ஆறு தடவை கேட்டேன். ஆறு தடவையும் மாட்டேன்னுட்டார்."

"மணக்கப் போற பொண்ணுக்குக்கூட ஓட்டுப் போடமாட்டியா? அப்படி என்னடா கட்சி வெறி உனக்கு?"

வெண்டல் கத்தியைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"கட்சியாவது மண்ணாவது! ஜனாதிபதியாயிட்டா இவளைச் சொந்தமா கார் ஓட்ட விடமாட்டாங்களாம்டா... அப்புறம் என் வாசல்ல எப்படி மக்கர் பண்ணும்?"