ஜெகதாம்பாளின் முதுகுத்தண்டு

"நான் வர்ல. என் முதுகப் போய் படம் புடிச்சி இன்னா பண்ணப் போறாங்கோ? சட்டம் போட்டு மாட்டி வெக்கப் போறாங்களா?"

என் மாமியார் ஜெகதாம்பாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுத்தார்.

"இலவசம் அத்தை. மூளை, முதுகுத்தண்டு வியாதிக்கெல்லாம் ஆராய்ச்சி பண்றாங்க. அம்பது வயசு தாண்டின இடுப்பு வலிக்காரங்க வேணுமாம். பதினோரு வருஷமா வலிக்குது. உங்களை விட்டா யாரு?"

இந்த வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகப்பேர் ஹவுசிங் போர்டில் எங்களுக்கு இரண்டாவது மாடி. தண்ணீர் வருவதோ கீழே பொதுக் குழாயில், காலை ஐந்திலிருந்து ஆறு வரை. அத்தைக்கு வலி வருவதும் ஐந்திலிருந்து ஆறு வரை. அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்தை விட்டு நகராமல் தைலம் தேய்க்க வேண்டும். கையை எடுத்தால் அலறல். வேறு வழியில்லாமல் என் கணவர் உத்தமன் பன்னிரண்டு குடம் சுமப்பார், படிக்கு ஒரு முனகலாக.

பன்னிரண்டாவது குடம் இறங்கியதும் வலி லீவு போட்டுவிடும். எட்டு மணிக்கு அத்தை, பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு, பாடி மார்க்கெட் வரை நடந்துபோய் நெத்திலி வாங்கிக்கொண்டு நடந்தே திரும்புவார். பஸ்ஸில் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம்.

இன்று குட்டு வெளிப்படட்டும் என்றுதான் ஆட்டோ பிடித்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர். முதலில் என்னை வெளியே நிறுத்திவிட்டு, அத்தையிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டு ஃபாரம் எழுதினாள். பிறகு, மெஷினுக்குள் பெரிய காந்தம் இருக்கிறது, உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றாள்.

மாமியாரிடமிருந்து இறங்கியவை: மூக்குத்தி இரண்டு, கொண்டை ஊசி ஒன்பது, இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து, ஊக்கு பதினான்கு.

"பதினாலு ஊக்கு எதுக்கு அத்தை?"

"பாஞ்சி இருந்துச்சி. ஒண்ணு நீ வாங்கினு போன. திருப்பித் தர்ல."

உள்ளே போனார். சுத்தியலால் தகரத்தை அடிப்பது போல் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. டாக்டர் வெளியே வந்தாள்.

"பாட்டி தூங்கிட்டாங்க. குறட்டையில படம் ஆடிப்போச்சு. மறுபடி எடுக்கணும்."

"மல்லாக்கப் படுத்தா உயிரே போகுதும்பாங்களே?"

"பத்து பேர்ல ஒருத்தர் பயந்து ஓடிடுவாங்க மேடம். இவங்களைத் தட்டித் தட்டி எழுப்பறோம்."

கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார் அத்தை. "நல்லா கீதும்மா உள்ளாற. எல்லையம்மன் கோயில் பம்பை மாதிரி சத்தம். ஜில்லுனு காத்து. தலகாணிதான் சரியில்ல."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "இருபது வயசுப் பொண்ணோட முதுகு மேடம் இது. எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு, நரம்பு எல்லாம் அத்தனை அழகு. நோயாளிங்க படத்தோட ஒப்பிட்டுப் பார்க்க, இந்த வயசுல பழுதில்லாத முதுகு ஒண்ணு கிடைக்காதான்னு ஒரு வருஷமா தேடறோம். இதை நாங்க வச்சுக்கலாமா?"

"தாராளமா. ஆளையும் சேர்த்தே வச்சுக்குங்க."

அவள் சிரிக்கவில்லை. படத்தின் நகலையும் ஃபாரத்தின் நகலையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "வீட்டுக்குப் போய் ரெண்டையும் பாருங்க."

திரும்பும் பஸ்ஸில் நான் விடவில்லை. "பதினோரு வருஷம் அத்தை. என் உள்ளங்கையில ரேகையே அழிஞ்சிடுச்சு. பாவம் அந்த மனுஷன். இன்னிக்கு அவர்கிட்ட படத்தோட சொல்றேன்."

"சொல்லு. எனக்கு இன்னா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் மட்டும் சின்னதாகிப் போயிருந்தது.

தொழிற்பேட்டையில் வேலை முடிந்து உத்தமன் வந்திருந்தார். வாசலிலேயே, "என்ன சொன்னாங்க?"

"இருங்க. காட்டறேன்."

"நல்லா இருக்காங்கன்னா சொல்லிடு. நாளையிலேர்ந்து தண்ணி விவகாரத்தை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க. ஆம்பள குடம் தூக்கறதைப் பார்த்து பிளாக்கே சிரிக்குது."

உறையைப் பிரித்தேன். முதலில் வந்தது ஃபாரம். இங்கிலீஷ். கான்வென்ட் பழக்கம், எழுத்தைக் கண்டால் கண் நிற்காது. ஓடியது. கடைசி வரியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

படத்தை வெளியே எடுக்கவில்லை.

"ரொம்ப மோசம்," என்றேன். "தட்டெல்லாம் தேஞ்சு பொடியா போச்சாம். ஆயுசுக்கும் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாதாம். தினம் ஒரு மணி நேரம் யாராவது பக்கத்துல இருந்து தேய்ச்சு விடணுமாம்."

"ஆயுசுக்குமா?" உத்தமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பரம்பரையா வர்றதாம். பயப்படாதீங்க. மாடிப்படியில வெயிட் தூக்கிட்டே இருக்கறவங்களுக்கு வராதாம்."

கட்டிலில் அத்தை திறந்த வாய் மூடாமல் என்னையே பார்த்தார். நான் ஃபாரத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டேன்.

தமிழில் சொன்னால், அதில் இருந்தது இவ்வளவுதான்.

வலி எப்போது வரும்? காலை ஐந்து மணி, தண்ணீர் வரும் நேரம்.

எதனால் குறையும்? மருமகள் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்.

முதன்முதலில் எப்போது தொடங்கியது? மருமகள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோது, "நீ என்னை வயித்துல வச்சிக்கினே தண்ணி தூக்கலியாம்மா, அவ தூக்கினா இன்னா?" என்று மகன் கேட்டதற்கு மறுநாள் காலை.