நண்டு எண்ண வந்தவள்

"நண்டை நான் எண்ணிக்கிறேன். அரே, நீ போய் லைன்ல நில்லு."

வாசலில் நின்ற பெண் இதை ராபினிடம்தான் சொன்னாள். உள்ளே மீன் செதில் உரசிக்கொண்டிருந்த ரீத்தாவுக்குத்தான் சுருக்கென்றது. என் மகனை ஏவ இவள் யார்?

பெயர் கார்த்திகா என்றான் ராபின். சின்ன வகுப்பிலிருந்து கூடப் படிக்கிறவளாம். இப்போது பி.எஸ்சி. விலங்கியலிலும் ஒரே வகுப்பு. அக்கரையில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் வீடு. கோடை விடுமுறைக்குக் கல்லூரி கொடுத்திருந்த களப்பணியில் இருவரும் ஜோடி. ரீத்தாவின் ஊரான பம்பூஃப்ளாட்டின் சதுப்பில் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் எத்தனை நண்டு வளை இருக்கிறது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். தண்ணீர் வற்றினால்தான் வளை கண்ணுக்குத் தெரியும்.

வம்பே அங்கேதான். ராபினுக்கு இந்த முறை நீட்டில் நல்ல மார்க். மெடிக்கல் சீட்டுக்கு விண்ணப்பிக்க லோக்கல் சர்ட்டிஃபிகேட், அதற்கொரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்து என்று போர்ட் பிளேரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். கவுன்டர் திறந்திருக்கும் நேரம் பார்த்தே கடலும் வற்றித் தொலைத்தது.

நேற்றுதான் அவன் சலித்துப்போய், மெடிக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். வருமா வராதா என்று தெரியாத சீட்டுக்காக, கையிலிருக்கும் பி.எஸ்சி.யையும் கோட்டை விடுவானேன் என்றான். மகனை டாக்டராகப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் மாதாவிடம் கேட்டிராத ரீத்தா, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு இவள் வந்து நிற்கிறாள்.

அன்று முதல் காலைப் படகில் ராபின் அக்கரைச் சாத்தமுக்குப் போவான். சாத்தமிலிருந்து வரும் படகில் அவள் வந்து இறங்குவாள். நடுக்கடலில் இரண்டு படகும் ஒன்றையொன்று தாண்டும். ஒரே படகில் உட்கார்ந்து வரவில்லையே என்பதுவரை ரீத்தாவுக்கு நிம்மதி.

ஆனால் மாலையானால் போன் வந்துவிடும். கையெழுத்து வாங்கினாயா, போட்டோ ஒட்டினாயா, நாளைக்கு எந்த ஆபீஸ் என்று அவள் துருவித் துருவிக் கேட்பது பக்கத்து அறைக்கே கேட்கும். பெற்றவள்கூட இவ்வளவு கேட்டதில்லை. ஒருத்தன் டாக்டராக வேண்டும் என்று ஒரு பெண் இப்படித் துடித்தால், அதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். அந்த ஒன்று ரீத்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

"நீ மட்டும் என்ன? மீன் வாங்குத சாக்குலதானே ஜங்லிகாட்ல என் மீன் கடை முன்னால வந்து நின்ன?" என்றார் புருஷன் அடைக்கலசாமி.

"வாங்கத்தான் வந்தேன். நீரு விக்காம பாத்துக்கிட்டே நின்னீரு."

கார்த்திகாவைச் சோதித்துப் பார்க்க, கோயிலுக்குப் போவாயா என்று ஒருநாள் கேட்டாள் ரீத்தா. பரீட்சைக்கு முன்னால் மட்டும் முருகனிடம் போவேன் என்றது பெண். முருகனா? பங்குச்சாமியார் என்ன சொல்வார்?

ஆனாலும் முழங்கால்வரை சேறும், சிப்பி கிழித்த பாதமுமாக வந்து கொல்லைக் குழாயடியில் நிற்கிறவளை எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? முதலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். பிறகு நடு முள் நீக்கி மீன் வைத்தாள். அடைமழையன்று இவள் வரமாட்டாள் என்று நினைத்தபோதும் குடையோடு வந்து நின்றாள்.

விரும்பும் மெடிக்கல் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய வேண்டிய நாளில் ராபின் மறுபடி சுணங்கினான். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று இழுத்தான்.

"நீ மட்டும் டாக்டருக்குப் போகலன்னா என் வாழ்க்கையே போச்சு ராபின்" என்றாள் கார்த்திகா.

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற ரீத்தா அதோடு உருகிப்போனாள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும் இப்படி ஒருத்தி? அன்று மதியமே மனதுக்குள் பங்குச்சாமியாரோடு சண்டை போட்டு ஜெயித்தாள். கல்யாண போட்டோவில் அவளைத் தனக்கு வலப்பக்கம் நிறுத்தினாள். சாயங்காலத்துக்குள் பேரப்பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டாள். தன் வெட்கங்கெட்ட மனதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

மெயின்லேண்டில் சீட் கிடைத்தது.

ஹாடோ ஜெட்டியில் பெட்டியோடு ராபின் உள்ளே போனான். அடைக்கலசாமி கேட்டருகில் நின்று மூக்கை உறிஞ்சினார். கப்பல் நகர்ந்து, திரும்பி, சிறுத்து மறையும்வரை கார்த்திகா கண்ணெடுக்கவில்லை. பிறகு நெஞ்சின் ஆழத்திலிருந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

ரீத்தாவால் தாங்க முடியவில்லை. ஓரமாக அழைத்துப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்களே, அஞ்சாறு வருசம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. உங்க வீட்ல நானே வந்து பேசுதேன். கோயில் காரியமெல்லாம் பெறவு பாத்துக்கலாம். நீ அவனுக்காகக் காத்திரு, அது போதும்."

கார்த்திகா விழித்தாள். காதுவரை சிவந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நினைக்கிற மாதிரி எதுவுமே இல்ல."

"பின்ன எதுக்குப் பிள்ள, அந்தச் சேத்துல கெடந்து இம்புட்டுப் பாடு பட்ட?"

கப்பல் நிஜமாகவே போய்விட்டதா என்று கடலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள் கார்த்திகா.

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அவன்தான் ஃபர்ஸ்ட், நான் செகண்ட். படிச்சு ஜெயிக்க முடியல ஆன்ட்டி, அதான் கப்பல் ஏத்திட்டேன்."