துடைப்பத்தோடு நிற்பவள்

ஒரு பெண்ணிடம் எவனாவது அத்துமீறினால் பார்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுத்தர, கல்லூரிப் பிள்ளைகள் செல்போன் விளையாட்டு ஒன்று செய்திருந்தார்கள்.

"கழுவுனது போதும், விளையாடிப் பாருங்கக்கா" என்று அவர்களில் ஒருத்தியான தேன்மலர் செல்போனை நீட்டினாள்.

திரையில், நூலகத்துக்குப் பின்னால் ஒருவன் ஒருத்தியை இழுக்கிறான். கீழே, என்ன செய்யலாம் என்று தேர்ந்தெடுக்க நாலு வரி. நான் எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படிப்பதற்குள் நேரம் முடிந்தது. மூன்று தடவையும் அப்படியே. படத்தின் ஓரத்தில் ஒருத்தி துடைப்பத்தோடு நின்றாள். அவளைத் தொட்டேன். அசையவில்லை.

"அது சும்மா படம்க்கா. ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தான் தடுக்க முடியும்."

"போன வருசம் அதே எடத்துல நான்தானடி கத்துனேன்? அதுக்குத்தான என்னைக் கக்கூஸ் கழுவ மாத்துனாங்க?"

"அதையெல்லாம் போட்டா காலேஜ்ல விடமாட்டாங்கக்கா."

மறுபடி ஆட்டம் தொடங்கியது. அவன் இழுத்தான். நான் அந்தத் துடைப்பக்காரியையே குத்திக்கொண்டிருந்தேன்.