கண்ணாடிக் குமிழ்

நீச்சல் குளத்தில் தவறி விழுந்த மூன்றாவது மாடிக் குழந்தையை, சமையலுக்கு வரும் மரகதம்தான் கட்டிய புடவையோடு குதித்துத் தூக்கினாள். குழந்தை இருமி, அழுது, அம்மாவின் தோளில் ஒட்டிக்கொண்ட பிறகு, குடியிருப்பின் செகரட்டரி குளத்து மோட்டார் அறைக்கு வந்தார்.

"தங்கராசு, ஃபில்டரை ஒருதடவை கழுவி விட்டுரு. அந்தப் பொம்பள புடவையோட எறங்கிருச்சு. சாயங்காலம் எல்லாரும் குளிக்கணும்ல."

குளத்தைப் பராமரிக்கும் தங்கராசு, காலையில்தான் கழுவினேன் என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு வால்வைத் திருப்பினான். தண்ணீர், மணல் நிரப்பிய ஃபில்டர் தொட்டியின் அடியிலிருந்து மேலேறி, மணலைக் கிளறி, பிடித்துவைத்த அழுக்கை வெளியே தள்ளும். வெளியேறும் குழாயில் ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டு. அதில் கலங்கலாக வரும் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்று வந்ததே தெளிவாகத்தான் வந்தது. செகரட்டரி வாசலை விட்டு நகரவில்லை. தங்கராசுவும் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு ஓடவிட்டு, எதற்கோ காத்திருப்பவனைப் போலக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிருச்சா?"

"போயிருச்சு சார்."

சொன்ன பிறகுதான் கவனித்தான். அவருக்குப் பின்னால், டைல்ஸ் நனையாதபடி செடியோரம் தள்ளி நின்று மரகதம் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். செகரட்டரி போனதும் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"ரொம்ப அழுக்கா வந்துச்சாண்ணே?"

அவள் குனிந்து பார்ப்பதற்குள், தங்கராசு தோளில் கிடந்த துண்டை இழுத்து, தான் சொன்ன பொய் தெரிந்துவிடாதபடி குமிழை மூடினான்.