ரஸ்ஸின் வலது கை
மிச்சிகனின் வடகோடியில், தேவதாரு அம்புகள் மணக்கும் வேட்டைக் கடையின் கண்ணாடி மேசைமேல் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. லோர்னா மூட்டுவாதத்தில் வீங்கிய விரல்களால் அம்புமுனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். கடைசியில், மழுங்கிய பிளேடைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொள்ளும் முனையை எடுக்கிறாள். இருபது வருஷமாக அவளோடு மரவில் தூக்கி மான் வேட்டைக்குப் போகிற ரஸ், பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறான். "மரவில்லுக்குப் போய் இதையா மாட்டுவ? அரத்தை வெச்சுத் தீட்டத் துப்பில்லன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதானே?" சட்டையைச் சுருட்டி இடது முன்கையைக் காட்டுகிறான். தீட்டிய முனையின் கூர்மையைக் கையில் மழித்து மழித்துச் சோதித்ததில் அங்கே ஒரு ரோமம்கூட இல்லை. வேட்டை சீசன் வந்தால் ஊரில் பாதிப் பேரின் கை அப்படித்தான். "துப்பில்லதான்," என்கிறாள் லோர்னா. "போன வருஷம் நான் தீட்டின முனை ஒரு மானைச் சரியா அறுக்கல. ரெண்டு நாள் ரத்தத்தடம் பாத்து நடந்தேன், கிடைக்கவே இல்ல. என் வீறாப்புக்கு இன்னொண்ணு அப்படிச் சாக வேண்டாம். அந்தக் கையில மழிக்க என்ன இருக்கு? வலது கையை நீட்டு." சிரித்தபடியே நீட்டுகிறான். புது முனையைத் தோலில் படுக்கவைத்து ஒரே இழுப்பு. சத்தமே இல்லை. செம்பட்டை ரோமம் கொத்தாகக் கண்ணாடிமேல் உதிர்கிறது. ரஸ்ஸின் சிரிப்பு நிற்கிறது. அவள் அந்த ரோமத்தை அவன் பக்கமாகவே ஊதித் தள்ளிவிட்டுக் கடைக்காரியிடம் திரும்புகிறாள். "எனக்கு ஆறு குடு, டெப். இவனுக்கு வேணும்னா அவனே வாயைத் திறந்து கேக்கட்டும்."