கோட்டை வாசலில் தலை எண்ணுகிறவன்

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா விளையாடும் அந்த மாயாஜால வீடியோ கேமைப் பற்றி ஆடியவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துவிட்டேன். மலை கொள்ளை அழகு, குதிரை சொன்ன பேச்சுக் கேட்காது என்கிறார்கள். கோட்டை வாசலில் தலை எண்ணும் காவலனைப் பற்றி ஒரே வரிதான்: தனியாகப் போனால் "ஒருத்தர்" என்று சொல்லிக் கதவைத் திறப்பான்.

போன மாதம் அக்காவிடம் "ரெண்டு பேர்" என்றான்.

"தனியாத்தானேடி வந்தேன்! நான் என்ன அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று சிரித்தாள். கர்ப்பம் என்று டாக்டர் உறுதி செய்தது அதற்கு ஒன்பதாம் நாள். அன்றிலிருந்து தினமும் மதியம் அந்த வாசலுக்குப் போய் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். நான் ஆடினால் எப்போதும் "ஒருத்தர்"தான்.

இன்று அக்காவிடமும் "ஒருத்தர்" என்றான்.

வலி ஒன்றும் இல்லை. ஸ்கேன் நாளைக் காலை. "வெறும் விளையாட்டுதானேக்கா, அணைச்சிடு" என்றேன். "இருடி, சரியாப் பாத்திருக்க மாட்டான்" என்றாள். நீங்கள் இன்றே கிளம்பி வாருங்கள்.

இதை எழுதும்போதும் கோட்டையை விட்டு வெளியே போய், திரும்பவும் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள். இதுவரை நாற்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும், அவன் வாய் திறப்பதற்கு முன்னால், ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்கிறாள்.